பழைய பைபாஸ் ரோடு கல்வெட்டுப் பட்டறை: ‘போலீஸ்’ என்றே வெட்டித் தந்தார்கள்

வேலூரை அடுத்த கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். 21 வருஷம் சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்துவிட்டு ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றேன். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பன் சத்தீஸ்கரில் கண்ணிவெடியில் போய்விட்டான். அவன் வீட்டு வாசலில் வைக்க நினைவுக் கல் செய்யத்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

அதற்கு முன்னால் வேறொரு கடையில் கொடுத்திருந்தேன். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு ‘ராணுவ வீரர்’ என்று வெட்டி வைத்தார்கள். “எல்லாம் மிலிட்டரிதானே சார்” என்றார்கள். முன்பணம் 3,000 ரூபாய் திரும்பி வரவில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்த பக்கம் இது. சீருடையோடு வடக்கே போனவன் எல்லாம் மிலிட்டரிக்காரன்தான். ஆனால் நாங்கள் போலீஸ். அவன் செத்ததும் போலீஸ்காரனாகத்தான்.

இந்தப் பட்டறைப் பெரியவர் முதலில் விலை பேசவில்லை. எந்தப் படை, என்ன பதவி என்று நோட்டில் குறித்துக்கொண்டார். “ராணுவத்துக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் சார்?” என்று கேட்டு, கல் அறுக்கிற மெஷினையும் நிறுத்தச் சொன்னார். சரி என்று உட்கார்ந்து சொன்னேன்.

1939 ஜூலை 27-ல் மத்தியப் பிரதேசத்து நீமச்சில் வெள்ளைக்காரன் ஆரம்பித்த படை இது. 1949 டிசம்பரில் சட்டம் வந்து மத்திய ரிசர்வ் போலீஸ் படை ஆனது. உள்துறையின் கீழ் வருகிறோம். 1959-ல் லடாக் எல்லையில் நின்றதும் போலீஸ்தான். அக்டோபர் 20-ந் தேதி ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து ரோந்து போன இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு சுமைக்காரரும் திரும்பவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி தலைமையில் தேடப் போனவர்களை மலை மேலிருந்து சீனப் படை சுட்டது. 10 பேர் இறந்தார்கள். உடல்கள் கைக்கு வர நவம்பர் 13 ஆகிவிட்டது. அதனால்தான் எல்லா மாநில போலீசும் அக்டோபர் 21-ஐ நினைவு நாளாக வைத்திருக்கிறது. 2001-ல் நாடாளுமன்ற வாசலில் கமலேஷ் குமாரி என்ற எங்கள் படைக் கான்ஸ்டபிள் கையில் துப்பாக்கி இல்லாமலே தீவிரவாதிகளைப் பார்த்துக் குரல் கொடுத்து உயிரை விட்டார். அசோக சக்ரா கொடுத்தார்கள். 2019-ல் காஷ்மீர் புல்வாமா குண்டுவெடிப்பில் போன 40 பேரும் எங்கள் ஆட்கள். அதில் ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், ஒருவர் அரியலூர் மாவட்டம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “லாங்பஜார் மணிக்கூண்டுக் கல்லைப் பார்த்திருக்கீங்களா?” என்றார். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர் இல்லை. டெல்லி சாணக்யபுரியில் 2018-ல் திறந்த தேசிய போலீஸ் நினைவகச் சுவரில் 34,000-க்கு மேல் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். நண்பனின் அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியாது. அதைச் சொன்னதும் பெயரை இன்னும் அரை அங்குலம் பெரிதாக்கி, படையின் பெயரையும் அதே அளவில் வைத்தார்.

வேலை சுத்தம். இரண்டடிக்கு ஒன்றரை அடி கறுப்பு கிரானைட். ஸ்டிக்கர் ஒட்டி மணல் அடித்துத்தான் எழுத்தை இறக்குகிறார்கள். ஆனால் ‘எஃப்’பில் வரும் ஆய்தத்தின் மூன்று புள்ளியும் மணலில் ஒன்றாகக் கலந்துவிடும் என்று, அதை மட்டும் பெரியவரே உளி பிடித்து வெட்டினார். வெட்டுவதற்கு முன் காகிதத்தில் ப்ரூஃப் கொடுத்து என்னிடமும் அந்த அம்மாவின் மகளிடமும் கையெழுத்து வாங்கினார். முதல் கடையில் இது நடந்திருந்தால் எனக்கு அந்த வருத்தமே வந்திருக்காது. தங்க வண்ணம் கேட்டால் பூசுவார்கள். நாங்கள் வெள்ளை போதும் என்றோம், தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது.

“கீழே இன்னொரு பெயருக்கு இடம் விடட்டுமா?” என்று பழக்கத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மொத்தம் 7,500 ரூபாய். சொன்ன நாளுக்கு மூன்று நாள் தள்ளித்தான் கிடைத்தது, அது ஒன்றுதான் குறை. அக்டோபர் 21-க்கு வைக்க வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். வண்டி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஏற்றிவிட இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். வைக்கோல் மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கணியம்பாடி ரோட்டுக் குலுக்கலில் கல் முனை உடைந்துவிடும்.