புறாத்தீவும் இறக்கக்கண்டிக் களப்பும்: நிலாவெளியிலிருந்து ஒரு நாள் படகுப் பயணம்

புறாத்தீவுக்குப் போகிறதென்றால் படகைப் பார்த்துப் பிடிக்காதீர்கள், ஓட்டுகிறவரைப் பார்த்துப் பிடியுங்கள். திருகோணமலைக்கு வடக்கே இருக்கிற நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். எவரும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்த அண்ணை, வவுனியாவிலிருந்து வந்த மச்சாளின் பிள்ளைகளை முதலில் மணலில் இருத்தினார். "பவளம் கல்லில்லை, உயிர். மிதந்துகொண்டு பாருங்கோ, காலை மட்டும் ஊன்றக் கூடாது" என்றார். பிறகு லைஃப் ஜாக்கெட் வாரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளினார். அந்த ஒன்றுக்கே அவருக்கு முழுப் புள்ளி.

2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் இது. வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கட் வேறு, படகுக் கூலி வேறு. விலை பேசும்போதே கேட்டு வையுங்கள்.

வெயில் ஏற முன்னம் போனதால் அடிமணல் வரை தெரிந்தது. முழங்காலளவு தண்ணியில், செட்டை நுனி மட்டும் கறுத்த சுறாக்குட்டி ஒன்று எங்களைச் சுற்றிப் போனது. சின்னவன் என் கையை இறுக்கிக்கொண்டு, "மாமி, கடிக்குமோ?" என்றான். "நீ துரத்தாட்டி அது உன்னைத் திரும்பியும் பாராது" என்றார் அண்ணை. கொஞ்சம் ஆழத்தில் கொம்பு கொம்பாகப் பவளம். தலையைத் தண்ணிக்குள் வைத்து அசையாமல் கிடந்தால் கிளிமீன் பாறையைக் கொறிக்கிற 'கறுக் கறுக்' சத்தம் காதுக்குக் கேட்கும். பிள்ளைகள் அதைக் கேட்கவே திரும்பத் திரும்ப இறங்கினார்கள்.

மனம் நொந்தது ஒன்றுக்குத்தான். பக்கத்தில் வேறொரு கூட்டம் பவளத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்தது. வருசக்கணக்காய் வளர்ந்தது ஒரு மிதியில் முறிகிறது. கரையில் வெள்ளையாய்க் குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி செத்த பவளத் துண்டுகள். வெறுங்காலோடு நடக்க ஏலாது, ரப்பர்ச் செருப்பு கட்டாயம். தீவில் கடை கிடையாது, தண்ணியும் சாப்பாடும் கொண்டுபோக வேணும். வெறும் போத்தலைக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள்.

மத்தியானம் கரையில் மீன்குழம்புச் சோறு, ஒரு சின்ன நித்திரை. பின்னேரம் இறக்கக்கண்டிக் களப்பு. பாலத்துக்கு உள்பக்கமாய்ப் போய், கண்டல் மரங்களின் ஓரத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் தடியால் ஊன்றிக்கொண்டு போனார் அண்ணை. வேருக்குள் நண்டு ஓடுகிறது, கொக்கு அசையாமல் நிற்கிறது, இடுப்பளவு தண்ணியில் ஒருவர் வீச்சுவலை எறிகிறார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மச்சாளுக்குத் தீவை விட இதுதான் பிடித்தது, எனக்கும் அப்படித்தான்.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கடல் அமைதி, மாரியில் நினைக்கவே வேண்டாம். சனி, ஞாயிறில் கூட்டம் நெரியும், வார நாளில் போங்கள். படகு பேசும்போது களப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கேளாவிட்டால் தீவோடு திருப்பிவிடுவார்கள்.