காலிக் கோட்டைக்குள் அறை என்று சொல்லி 74,000 ரூபாய் வாங்கினார்கள்: வன்னிச் சனம் கவனம்!

74,000 ரூபாய். இரணைமடுத் தண்ணியில் விளைந்த பெரும்போக நெல்லை விற்ற காசு அது. அதை விழுங்கியவர் முகநூலில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆள் சேர்க்கிற ஒரு சுற்றுலா ஏற்பாட்டுக்காரர். பெயரைப் போடவில்லை, ஆனால் ஆள் இன்னும் விளம்பரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் கோபம் ஆறமுன்னமே எழுதுகிறேன்.

காலிக் கோட்டைக்குள்ளேயே இரண்டு இரவு தங்க அறை, காலைச் சாப்பாடு, தமிழ் பேசும் வழிகாட்டி, கோட்டை நுழைவுச்சீட்டு, தமிழ்க் கல்வெட்டு பார்வையிடல் எல்லாம் சேர்த்து 74,000. வான் எங்களுடையது. அந்த விளம்பரத்தில் உண்மையாக இருந்தது வரலாறு மட்டும்தான்: 1588 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது, 1640 இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

நம்ப வைத்தது எது தெரியுமா? அம்மாவின் முழங்கால். படி ஏற ஏலாது என்று சொன்னதும், "அம்மாவுக்கு நோ எண்டா கீழ் அறையே போட்டுத்தாறன் அக்கா, யோசிக்காதைங்கோ. நானும் புதுக்குடியிருப்புப் பெடியன்தான்" என்றார். அடுத்த நாள் தானாகவே எடுத்து, அம்மா என்ன மருந்து பூசுகிறா என்று விசாரித்தார். அம்மாவோடும் கதைத்தார். "நல்ல பிள்ளை" என்று அம்மா சொல்லி முடிக்க, நான் வங்கியில் முழுக்காசும் போட்டுவிட்டேன்.

பொழுதுபடக் கோட்டைக்குள் போய், அவர் சொன்ன விடுதியைத் தேடிப் பிடித்தோம். அங்கிருந்த பெண் பதிவுப் புத்தகத்தைத் திருப்பியே காட்டினார். எங்கள் பெயர் இல்லை, அவரை யாரென்றே தெரியாதாம். நுழைவுச்சீட்டு என்றதும் அந்தப் பெண் சிரித்தார். சனம் குடியிருக்கிற இடம் அது. பள்ளிவாசல், தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. மதிலில் நடக்கவோ வெளிச்சவீட்டடியில் நிற்கவோ ஒரு சதமும் கேட்பதில்லை!

போன் எடுத்தேன். "நெட்வேர்க் பிழை அக்கா, பத்து நிமிஷம்." பிறகு, "முகாமையாளர் லீவு." பிறகு, "காசு சிஸ்டத்தில் திரும்பி வருது, ஏழு வேலைநாள்." அப்புறம் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். தம்பியின் போனில் எடுத்தால், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

இரவு கோட்டைக்கு வெளியே ஒரு லொட்ஜில், மூன்றாம் மாடியில்தான் இடம் கிடைத்தது. லிஃப்ட் இல்லை. அம்மாவைத் தம்பி தூக்கிக்கொண்டு ஏறினான். அதற்கு வேறு காசு.

பெரியப்பா வந்ததே அந்தக் கல்வெட்டுக்காக. சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறித்த, 1409 ஆம் ஆண்டுக் கல். தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. காலியில் 1911 இல் கண்டெடுத்தார்கள் என்பது சரி. ஆனால் மூலக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. இது அங்கே கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் ஐயா சொல்லித்தான் தெரிந்தது. காலியில் இல்லாத கல்லைக் காலியில் காட்டுவதாகவும் காசு வாங்கியிருக்கிறார்கள்!

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதுவதாகத்தான் இருந்தேன், இப்போது மனம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: விடுதியின் இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கின் பெயர் வேறொன்று என்றால் காசு போடாதீர்கள். வழிகாட்டி என்று வருபவரிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டையைக் கேளுங்கள். "நானும் உங்கட ஊர்" என்று சொன்னால், எந்த ஒழுங்கை, ஆரின்ர மகன் என்று கேளுங்கள்.

74,000 ரூபாய்! பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. காசு போட்ட ஸ்லிப்போடு இப்போது வங்கிக்குப் போகிறேன், மிச்சம் பிறகு.