லோதி தோட்டம்: தெற்கிலிருந்து வடக்கே ஒரு நடை

தில்லிக்குச் செல்வோர் குதுப் மினாருக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது, பழைய அரசர்களின் கல்லறைகள் நிற்கும் பூங்காவான லோதி தோட்டத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது, அங்கே மூன்று முறை நடந்துவிட்டு வந்த என் கருத்து. நுழைவுக் கட்டணம் கிடையாது. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். ஆனால் எந்த வாயிலில் நுழைகிறோம் என்பது முக்கியம். முதல் முறை நான் வடக்குப் பக்கமாக நுழைந்து, எல்லாக் குவிமாடங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்ற எண்ணத்துடன் திரும்பினேன். தெற்கே லோதி சாலைப் பக்கமாக நுழைந்து வடக்கு நோக்கி நடந்தால், கட்டடங்கள் ஏறத்தாழ அவை எழுந்த கால வரிசையிலேயே எதிர்ப்படுகின்றன.

முதலில் வருவது, லோதிகளுக்கு முன் தில்லியை ஆண்ட சையது மரபின் மூன்றாம் அரசரான முகம்மது ஷாவின் கல்லறை மண்டபம். 1444-ஐ ஒட்டி அவருடைய மகன் ஆலம் ஷா கட்டிய எண்கோணக் கட்டடம் இது. வளைவுகள் சூழ்ந்த தாழ்வாரமும், மூலைதோறும் சாய்ந்து நிற்கும் முட்டுச் சுவர்களும், குவிமாடத்தைச் சுற்றிய சிறு மண்டபங்களும் சேர்ந்து அதைத் தரையில் அழுந்த உட்கார்ந்திருப்பதுபோலக் காட்டுகின்றன. அடுத்து, தோட்டத்தின் நடுவே, படா கும்பத், ஷீஷ் கும்பத் என்ற இரு குவிமாடக் கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் சதுர வடிவின. வெளியிலிருந்து மாடி வைத்தவைபோலத் தோன்றினாலும் உள்ளே ஒரே உயர்ந்த கூடம்தான். படா கும்பத்துக்குள் கல்லறையே இல்லை என்பதால், அது எதற்காகக் கட்டப்பட்டது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை. ஷீஷ் கும்பத்தின் முகப்பில் எஞ்சியுள்ள நீல ஓடுகளை, வெயில் நேராக விழும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

அவசரமாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது, படா கும்பத்தை ஒட்டி 1494-இல் எழுந்த மசூதி. கோபுரச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய நம் கண், உருவம் எதுவும் இல்லாத சுவரில் முதலில் தடுமாறும். சற்று நேரம் நின்றால், சுண்ணச்சாந்தில் கொடிபோலப் படரும் அரபு எழுத்துகளே அந்தச் சுவரின் சிற்பம் என்பது விளங்கும். கைக்கெட்டும் உயரத்தில் பார்வையாளர்கள் சிலர் தங்கள் பெயரையும் கீறி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

வடக்கே, மதில் சூழ்ந்த தனி வளாகத்துக்குள், லோதி மரபின் அரசரான சிக்கந்தர் லோதியின் கல்லறை இருக்கிறது. இப்ராகிம் லோதி 1517-ஐ ஒட்டித் தன் தந்தைக்காகக் கட்டியது. இதுவும் எண்கோணமே, ஆனால் குவிமாடத்தைச் சுற்றிய சிறு மண்டபங்கள் இல்லாததால் கட்டடம் எளிமையாகவும் கனமாகவும் தெரிகிறது. தெற்கே பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்பதில்தான் இந்த நடையின் சுவை இருக்கிறது. இன்னோர் ஒற்றுமையும் உண்டு: தந்தைக்குக் கல்லறை எழுப்பிய இந்த இரு மகன்களுமே தத்தம் மரபின் கடைசி அரசர்கள். ஆலம் ஷா 1451-இல் தில்லியை லோதிகளிடம் விட்டுக்கொடுத்தார். இப்ராகிம் 1526-இல் பானிபட் போரில் மாண்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மரங்களும் புல்வெளியும் லோதிகள் காலத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிருந்த கைர்பூர் என்ற கிராமத்தை அகற்றிவிட்டு 1936-இல் திறந்த பூங்கா இது. அன்றைய பெயர் லேடி வில்லிங்டன் பூங்கா. 1968-இல் கட்டடக் கலைஞர் ஜோசப் ஆலன் ஸ்டைனும் நிலவடிவமைப்பாளர் காரெட் எக்போவும் இதை மறுவடிவமைத்தனர். பாதைகள் வளைந்து செல்வதால், ஒவ்வொரு கட்டடமும் முதலில் மரக்கிளைகளின் இடையே பாதியாகத் தெரிந்து, நெருங்க நெருங்க முழுமையடைகிறது. தனி மதிற்சுவருக்குள் நிற்கும் நினைவுச் சின்னங்களில் இந்த அனுபவம் அரிது.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைத் தவிர்ப்பது நல்லது. கூடையும் விரிப்புமாகக் குடும்பங்கள் வந்து புல்வெளியை நிறைத்துவிடும். பிப்ரவரி மாதக் காலைப்பொழுது மிகப் பொருத்தமானது: குளிர் குறைந்திருக்கும், பூக்கள் இருக்கும், பச்சைக்கிளிகள் குவிமாடத்துப் பொந்துகளிலிருந்து கூச்சலுடன் கிளம்பும். நடையை, சிக்கந்தர் கல்லறைக்குக் கிழக்கே உள்ள அட்புலாவில் முடிக்கலாம். அக்பர் காலத்துக் கற்பாலம். எட்டுத் தூண்களால் பெயர் பெற்றது, வளைவுகளோ ஏழுதான். நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.