விறகு பிளக்கும் மெஷினுக்குச் சீல் மாற்றப் போன கதை – பாலையூற்றுப் பட்டறை

எங்கள் பேக்கரிப் போறணைக்கு விறகு பிளக்கும் ஹைட்ரோலிக் மெஷின் திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் நிற்கிறது. ஒரு வருடத்துக்குள் 3 தடவை சிலிண்டர் சீல், அதாவது ஒயில் வெளியே கசியாமல் அடைக்கும் வளையம், போனது. முதல் 2 தடவையும் வேறொரு கராஜில் புதுச் சீல் போட்டார்கள். 2 மாதம்கூடத் தாங்கவில்லை. ஒயில் வழிந்து குறைந்து, புளியங்கட்டை வைத்தால் ஆப்பு பாதியில் நின்றுவிடும்.

மூன்றாம் தடவை பாலையூற்றில் டிராக்டர் ஹைட்ரோலிக் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள அண்ணை முதலில் சீலைத் தொடவே இல்லை. சிலிண்டர் தண்டை முழுக்க வெளியே எடுத்து, துடைத்து, அதன்மேல் நகத்தை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. "தம்பி, நீங்களும் ஓட்டிப் பாருங்கோ. வேலை முடிஞ்சா தண்டை வெளியிலயே விட்டிட்டுப் போறனீங்களோ?" என்றார். அப்படித்தான் விட்டேன். உப்புக்காற்றில் குரோம் பூச்சு அரித்துக் கடுகைவிடச் சின்னப் பள்ளங்கள். அவற்றின் விளிம்புதான் ஒவ்வொரு புதுச் சீலையும் அறுத்திருக்கிறது.

அப்புறம் ஒயில் ஊற்றி வைக்கும் தாங்கியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்தார். பால் தேநீர் நிறம். மறுநாள் அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது. மார்கழி மழை தாங்கி மூடி வழியாக இறங்கியிருக்கிறது. இப்படியே ஓட்டினால் பம்பும் போய்விடும் என்றார்.

தண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, சீல் செட் மாற்றி, தாங்கியைக் கழுவி, 46 நம்பர் ஹைட்ரோலிக் ஒயில் ஊற்றினார். கட்டை வைக்காமல் தண்டைப் பல தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காற்றை வெளியேற்றி, உள்ளே இழுத்த பிறகுதான் ஒயில் அளவு பார்த்தார். ஹோஸ் கசிகிறதா என்று நான் கையை நீட்ட, தட்டிவிட்டு அட்டைத் துண்டைப் பிடித்தார். அழுத்தத்தில் வரும் ஒயில் ஊசிபோலத் தோலுக்குள் ஏறிவிடுமாம். அந்த அக்கறைக்காகவே இன்னொரு தடவை போவேன்.

குறை ஒன்று உண்டு. ஒயில் பில்டர் கையிருப்பில் இல்லை. அது வரும்வரை 5 நாள் கோடரியால் பிளந்தோம். 8 மாதமாகத் தண்டு கசியவில்லை. போகிறவர்கள் முதலே கேட்டு, பழைய பில்டரையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.