4,72,000 ரூபாய் போய்விட்டது: ஓடிடியில் படத்தை விற்றுத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

சிறு முதலீட்டில் ஒரு படத்தை எடுத்து முடித்துவிட்டு, அதை ஓடிடி தளங்களுக்கு விற்றுத் தரும் இடைத்தரகர் யாரேனும் கிடைப்பார்களா என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 4,72,000 ரூபாயை இழந்திருக்கிறேன். நேற்று மாலைதான் அது உறுதியாயிற்று. கோபம் அடங்கிய பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அது அடங்குவதற்குள் இன்னொருவர் அந்த அலுவலகத்தின் படியேறிவிடுவார் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். சென்னையில் வடபழனிப் பக்கம், டிஜிட்டல் உரிமைகளை வாங்கி விற்பதாகப் பலகை வைத்திருக்கும் ஓர் அலுவலகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் சித்தி மகன் சென்னையில் எட்டு ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தவன். அவனுடைய கதையை எங்கள் ஊரிலேயே, சேந்தமங்கலத்திலும் கொல்லிமலை அடிவாரத்திலுமாக 26 நாட்களில் எடுத்தோம். மொத்தச் செலவு 41 லட்சம் ரூபாய். அதில் 15 லட்சம் என்னுடையது. மீதி 26 லட்சத்தை நண்பர்களும் உறவினர்களுமாக ஒன்பது பேர் போட்டார்கள். படத்தின் நெகட்டிவ் உரிமையை, அதாவது மூலப் பிரதியின் மீதான உரிமையை, எழுதி வாங்கிக்கொண்டு வட்டிக்குப் பணம் கொடுப்பதும், அந்தக் கடன் தீராமல் லேப் படத்தை வெளியே விடாமல் இருப்பதும் இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம் என்று தம்பி சொன்னதால், பைனான்சியர் எவரிடமும் போகவில்லை. கதையில் ஆடுகள் வருவதால் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று பெற்று, 2025 பிப்ரவரியில் யு/ஏ 13+ தணிக்கைச் சான்றிதழும் வாங்கினோம். அதுவரை எந்த இடத்திலும் யாரும் எங்களை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லைட்மேன் முதல் படத்தின் நிறத்தைச் சீராக்கும் டிஐ வேலை செய்தவர் வரை எல்லோரும் பேசிய தொகைக்குப் பேசிய வேலையைச் செய்து கொடுத்தார்கள்.

படத்தை எடுப்பதைவிட விற்பது கடினம் என்பது அதன் பிறகுதான் புரிந்தது. தியேட்டரில் வெளியிட வேண்டுமென்றால் சுவரொட்டி, விளம்பரம், டிஜிட்டல் திரையிடலுக்காக ஒவ்வொரு திரைக்கும் வாராவாரம் கட்ட வேண்டிய கட்டணம் என்று இன்னும் 15 லட்சமாவது தேவை என்றார்கள். அவ்வளவும் செலவழித்தால் கிடைப்பது பெரும்பாலும் காலைக் காட்சி. இரண்டாவது வெள்ளிக்கிழமை வேறு படம் வந்துவிடும். முன்பெல்லாம் விநியோகஸ்தர் மினிமம் கியாரண்டி என்று குறைந்தபட்சத் தொகையை உறுதியாகக் கொடுத்தோ, அவுட்ரைட்டாக, அதாவது ஒரே விலைக்கு மொத்தமாகவோ வாங்குவார். தெரிந்த முகம் இல்லாத படத்துக்கு இப்போது அப்படி முன்பணம் தருபவர்கள் மிக அரிது. ஓடிடியிலும் இதே நிலைதான். ஒரு தொகை பேசி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் எடுப்பது ஒரு வகை. பார்த்த நேரத்துக்குத் தக்கபடி வருமானத்தைப் பங்கிடுவது இன்னொரு வகை. 2020 ஊரடங்குக் காலத்தில் நேரடியாகவே படங்களை வாங்கிய தளங்கள் பிறகு கையை இறுக்கிக்கொண்டன. தனி ஆளாகப் படத்தைக் கொண்டு போகும் சிறு தயாரிப்பாளருக்கு அங்கே கதவு எளிதில் திறப்பதில்லை, ஓர் இடைநிலை நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

நாங்கள் எப்படி நம்பினோம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாளிகள் மட்டுமே ஏமாறுவார்கள் என்று நானும் நினைத்திருந்தவன்தான். வாங்குபவர்கள் பார்ப்பதற்கான முழுப் படத்தின் முன்னோட்டப் பிரதியை லிங்காக அனுப்பிய நான்காம் நாள், அந்த வடபழனி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அதற்குமுன் நாங்கள் போன இடங்களில் எவரும் படத்தைப் பத்து நிமிடங்களுக்கு மேல் பார்த்திருக்கவில்லை. இந்த அலுவலகத்தில் எங்களிடம் பேசிய மனிதர் முழுவதும் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், படத்தில் ஒரு காட்சியில் விறகடுப்பில் களி கிளறுவார். அவருக்கு வயது 79, துடுப்பைப் பிடித்த கை நடுங்கும். "அந்தக் கை நடுங்குறதை வெட்டாம அப்படியே வச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் சார் உங்க படம் நிக்குது" என்று அவர் சொன்னபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் காட்சியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எடிட்டரோடு இரண்டு நாள் போராடியவன் அவன். எட்டு ஆண்டுகளில் அவனுடைய வேலையைப் புரிந்துகொண்டு ஒருவர் பேசியது அதுவே முதல் முறை. ஒப்பந்தத்தைப் படிப்பதற்கு முன்பே நாங்கள் இருவரும் மனத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம். தளத்தில் சேர்ப்பதற்கான கட்டணம், தரப் பரிசோதனை, ஆங்கில சப்டைட்டில், போஸ்டர் வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 4,00,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய், ஆக 4,72,000 ரூபாய். 45 வேலை நாட்களில் படம் ஒரு பெரிய தளத்தில் வந்துவிடும், முதல் காலாண்டிலேயே போட்ட பணம் திரும்பிவிடும் என்றார்கள். 2025 ஏப்ரல் 17 அன்று பட்டறைக் கணக்கிலிருந்து முழுத் தொகையையும் அனுப்பினேன். படத்தின் முழுத் தரத்திலான இறுதி மாஸ்டர் பிரதி அடங்கிய ஹார்டு டிஸ்கைப் பழுப்பு நிற டேப்பால் ஒட்டி, அந்த டேப்பின் மேலேயே தம்பி கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. ஜூனில் கேட்டபோது க்யூசியில், அதாவது தரப் பரிசோதனையில், ஆடியோ லெவல் தேறவில்லை என்றார்கள். 18,000 ரூபாய் செலவு செய்து மிக்சிங்கைச் சரிசெய்து லிங்காக அனுப்பினோம். ஜூலையில் தளத்தில் படங்களைத் தேர்வு செய்யும் அதிகாரி மாறிவிட்டார், புதியவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். செப்டம்பரில், தீபாவளிக்குப் பெரிய படங்கள் வரிசையில் நிற்பதால் பண்டிகை முடியட்டும் என்றார்கள். தீபாவளி முடிந்த பிறகு அந்த மனிதர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அலுவலகத்துப் பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார், மெயில் போடுங்கள் என்பார். போட்ட மெயில்களுக்கு உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று ஓர் எண் வரும், அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. நவம்பரில் மட்டும் பதினொரு எண்கள் வந்தன.

டிசம்பரில் நானே நேரில் போனேன். காலை 10 மணிக்குப் போய் மாலை 4 மணிவரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு முறை தேநீர் கொடுத்தார்கள். எதிரே ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் பத்துப் பதினைந்து ஹார்டு டிஸ்குகளுக்கு நடுவே எங்களுடையதும் இருந்தது. பழுப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. அதன் மேல் தம்பியின் கையெழுத்து எங்கும் அறுபடாமல் முழுசாக இருந்தது. ஏப்ரலில் கொடுத்த டிஸ்கை அவர்கள் ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை. அப்படியானால் ஜூனில் எதை வைத்து ஆடியோ தேறவில்லை என்றார்கள்? அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பதில் இல்லை. டிஸ்கையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தப்படி மாஸ்டர் தங்களிடம்தான் இருக்க வேண்டும் என்றார்கள். லாரிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு எட்டு மாதம் பாடி கட்டாத சேசிஸை வெயிலில் நிறுத்திவைத்தால் எங்கள் ஊரில் என் பட்டறையின் கதவு இருக்காது.

திரும்பி வந்ததும் என் கணக்காளர் அவர்கள் கொடுத்த ரசீதிலிருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். அந்தப் பதிவு ரத்து செய்யப்பட்டிருந்தது. ரத்தான தேதி எங்கள் ரசீதின் தேதிக்கு முந்தையது. வரி என்று என்னிடம் வாங்கிய 72,000 ரூபாயை வாங்குவதற்கே அவர்களுக்கு உரிமை இல்லை. பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நேற்று மாலை, மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் உறவினர் ஒருவர், இது நம்ம அம்மாயிதானே என்று கேட்டு ஒரு லிங்க் அனுப்பினார். இலவசமாகக் காணொளி பார்க்கும் தளம் ஒன்றில், வேறு தலைப்பில், எங்கள் முழுப் படமும் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. மாஸ்டரிலிருந்துகூட எடுக்கவில்லை. நாங்கள் முதலில் அனுப்பிய முன்னோட்டப் பிரதியின் மூலையில் எங்கள் அடையாளமாகப் போட்டிருந்த வாட்டர்மார்க் எழுத்தின் மேல் அவர்களுடைய முத்திரையை ஒட்டியிருக்கிறார்கள், அதன் ஓரத்தில் எங்கள் எழுத்து பாதி தெரிகிறது. நிறம் சரிசெய்யாத பிரதி அது. களி கிளறும் காட்சிக்குச் சரியாக நடுவில் ஒரு விளம்பரம் வருகிறது.

இன்று காலை வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19(4)இன்படி, உரிமையை எழுதி வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, அந்த உரிமை காலாவதியாகிவிடுமாம். அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்று ஒரே வரியில் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19(5), 19(6) பிரிவுகள் சொல்கின்றன. அதற்கும் இடம் தராமல் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் என்று எழுதியிருக்கிறார்கள். 4,72,000 ரூபாயையும் கொடுத்து, 41 லட்சம் ரூபாய்ப் படத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனாலும், பொய் சொல்லி நம்பவைத்துப் பணம் வாங்கியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் மோசடியாகும் என்றும், பிரிக்கப்படாத டிஸ்கும் ரத்தான ஜிஎஸ்டி எண்ணும் நல்ல சான்றுகள் என்றும் வழக்கறிஞர் சொல்கிறார்.

அவர் வழியாகவே, இதே அலுவலகத்தில் ஏமாந்த தேனிக்காரர் ஒருவரிடம் மதியம் பேசினேன். அவருடைய படத்திலும் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு குழந்தை செருப்பைத் தேடும் விதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம் அந்த மனிதர். இதைக் கேட்ட பிறகு தம்பி இன்னும் சாப்பிடவில்லை.

ஒப்பந்தம் போடுவது எப்படி என்று வரிசையாக எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்கு மனம் கூடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். படத்தை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இடைத்தரகருக்குப் பங்கு வேண்டுமென்றால் வருமானம் வந்த பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஜிஎஸ்டி எண்ணை அன்றைக்கே பாருங்கள். முன்னோட்டப் பிரதியில் வாட்டர்மார்க்கை மூலையில் போடாமல் நடுவில் போடுங்கள். ஆண்டும் நாடும் எண்ணிக்கையோடு இல்லாத ஒப்பந்தத்திலோ, 19(4) பொருந்தாது என்று வரி வைத்த ஒப்பந்தத்திலோ கையெழுத்திடாதீர்கள். தளத்திலிருந்து எழுத்தில் ஒப்புதல் வராமல் மாஸ்டரைக் கொடுக்காதீர்கள்.

நாளை இரவு பேருந்தில் சென்னைக்குப் போகிறேன், தேனிக்காரரும் வருகிறார். திங்கட்கிழமை காலை வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவுக்குப் புகார் கொடுக்கிறோம். அந்த அலமாரியில் இருந்த மற்ற டிஸ்குகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒப்பந்த நகலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு அங்கே வாருங்கள்.