பின்னங்கால் தூக்கும் பெல்ட்: சீனிக்கு 11 வாரம் கட்டிய பிறகு எழுதுகிறேன்

வயதான நாய்க்குப் பின்னங்கால் விழுந்துவிட்டது, பெல்ட் வாங்கலாமா வேண்டாமா என்று தேடிக்கொண்டு வந்திருப்பீர்கள். வாங்குங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். நாங்கள் தள்ளிப்போட்டு மூன்று வாரத்தை வீணாக்கினோம். அந்த மூன்று வாரம்தான் இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது.

சீனி எங்கள் வீட்டு ராஜபாளையம். பெண், 12 வயது. வெள்ளை வெளேரென்று இருப்பாள், மூக்கு மட்டும் ரோஸ். குட்டியாக மதுரைக்கு வரும்போதே அவளுக்குக் காது கேட்காது. ராஜபாளையம் இனத்தில் முழு வெள்ளைக் குட்டிகளுக்கு இந்தக் குறை அதிகம், நிறத்தோடு சேர்ந்தே வருகிறது. அதனால் எங்கள் பேச்செல்லாம் கையாலும் காலாலும்தான். குதிகாலால் தரையில் இரண்டு தட்டு தட்டினால் திரும்பிப் பார்ப்பாள். லைட்டை அணைத்துப் போட்டால் சாப்பாடு. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

மார்ச்சில் தண்ணீர் குடிப்பது திடீரென்று கூடியது. ஒரு நாளைக்கு இரண்டு சட்டி குடித்துக்கொண்டிருந்தவள் ஐந்து சட்டி குடித்தாள். வாயில் ஒரு மாதிரி வாடை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 4.1. கிட்னி வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. "கிரியாட்டினின் ஏறி நமக்குத் தெரியிறதுக்குள்ள கிட்னி முக்கால்வாசி போயிருக்கும்மா. 5க்கு மேல போனா கடைசிக் கட்டம். இப்ப இருக்கிறதைப் பத்திரமா வச்சுக்கிறதுதான் நம்ம வேலை" என்றார் டாக்டர்.

அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு மூட்டில் தேய்மானம். அதற்கு அவ்வப்போது கொடுத்துவந்த மெலாக்சிகாம் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த வகை வலி மாத்திரை கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடுமாம். வீட்டு டப்பாவில் கிடக்கும் பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோபினாக் எதையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், கிட்னி நன்றாக இருக்கும் நாய்க்கும் கூடாது. சீனிக்குக் கடைசியில் மிஞ்சியது குறைந்த அளவில் கபாபென்டின் மட்டும். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது, ஆனால் காலுக்குத் தெம்பு வரவில்லை. 27 கிலோ இருந்தவள் ஜூனில் 21 கிலோ. தொடைச்சதை கரைந்து இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மருந்தால் முடியாததை நாங்கள்தான் கையால் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் குளிக்கிற துண்டை வயிற்றுக்கடியில் விட்டுத் தூக்கினோம். துண்டு சுருண்டு கயிறாகி வயிற்றை அறுத்தது. என் உயரம் ஐந்தடி, அப்படியும் குனிந்து குனிந்து என் இடுப்பு போனது. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் பகலில் நான் ஒருத்திதான்.

சீனி 12 வருடத்தில் வீட்டுக்குள் ஒருநாளும் ஒன்றுக்குப் போனதில்லை. வாசலில் மூன்று படி இறங்கி, எதிரில் இருக்கும் வேப்பமரத்தடிக்குத்தான் போவாள். அந்த ஜூன் ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்து லைட்டைப் போட்டேன். படுக்கை நனைந்திருந்தது. அவள் அதில் இல்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை டைல்ஸில் இழுத்துக்கொண்டே போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். படுக்கையிலிருந்து பீரோ வரைக்கும் தரையில் ஈரக்கோடு. நான் போய்த் தொட்டபோதும் திரும்பவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, திட்டினாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. அவளாகவே அப்படிப் படுத்திருந்தாள். விடிவதற்குள் ஆன்லைனில் பெல்ட் ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்தது 1,350 ரூபாய் பெல்ட். வெளியே நைலான், உள்ளே மெத்து மெத்தென்ற துணி, இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி, வயிற்றில் சுற்றி ஒட்டும் வெல்க்ரோ. தொட்டுப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் போட்டிருந்த அளவு ஒன்று, கைக்கு வந்த அளவு ஒன்று. எடையைப் பார்த்து சைஸ் எடுக்காதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நாய்களுக்கு மார்பு ஆழம், வயிறு ஒட்டியிருக்கும். லேப்ரடார் அளவில் செய்த பெல்ட் முன்னால் வழுக்கிப் போய்விடும். பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்த அளவைப் பார்த்து வாங்குங்கள்.

ஒன்பதாம் நாள் காலை, படியில் இறங்கும்போது ஒரு பக்கக் கைப்பிடியின் தையல் விட்டுவிட்டது. சீனியின் தாடை படியில் இடித்து, நாக்கைக் கடித்து ரத்தம். விற்ற கடைக்கு எழுதினேன். திருப்பி அனுப்பும் 7 நாள் முடிந்துவிட்டது என்று பதில். 21 கிலோவைத் தூக்க என்று விற்கிற பொருளில் கைப்பிடியை ஒற்றைத் தையலில் ஒட்டவைத்திருக்கிறார்கள். வாங்கிய அன்றைக்கே கைப்பிடி வேரில் இழுத்துப் பாருங்கள். அரிசி மூட்டையைப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் நாய்க்குக் கட்டுங்கள்.

ஆட்டோவுக்கு சீட்டும் படுதாவும் தைக்கிற பாய் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நாடா வயித்துக்கு அடியில முழுசா சுத்தி வரணும்மா. இவங்க ஓரத்துல ஒட்ட வச்சிருக்காங்க. இது எப்படித் தாங்கும்?" என்று சொல்லிக்கொண்டே பிரித்துவிட்டார். லாரி படுதாவுக்குப் போடும் இரண்டு இஞ்ச் நாடாவை ஒரு கைப்பிடியிலிருந்து வயிற்றுக்கடியாகப் போய் அடுத்த கைப்பிடி வரை ஒரே துண்டாகக் கொடுத்து, பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறித் தையல் அடித்தார். கைப்பிடியை என் உயரத்துக்கு நிற்கவைத்து அளந்து நீளமாக்கினார். வெல்க்ரோவோடு ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் போட்டார். 250 ரூபாய். நாய்க்கு என்று தெரிந்ததும் கூலி வேண்டாம் என்றார், நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன். அடுத்த ஒன்பதரை வாரத்தில் ஒரு நூல் பிரியவில்லை. நான் கொடுக்கும் நாலு ஸ்டாரில் பாதி பாய்க்குத்தான் சேரும்.

கட்டுகிற விதத்தை டாக்டரே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். அவர் காலை டியூட்டிக்குப் போகும் வழியில் ஏழு மணிக்கு வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போவார், ஒரு தடவைக்கு 500 ரூபாய். கார் ஏற்றி இறக்கும் வேதனை அவளுக்கு மிச்சம். நான் முதல் நாள் பலத்தையெல்லாம் போட்டுத் தூக்கியதைப் பார்த்து, "தூக்காதீங்கம்மா, தாங்குங்க" என்றார். பின்பாதம் தரையில் பட வேண்டும், பாரம் மட்டும் நம் கைக்கு வர வேண்டும். அந்தரத்தில் தூக்கினால் நாய் கால் வைக்கவே மறந்துவிடும், இருக்கிற கொஞ்ச சதையும் போய்விடும். இன்னொன்று, பெல்ட் மூத்திரப்பையை அழுத்தும். வெடுக்கென்று தூக்கினால் அங்கேயே ஒழுகிவிடும். மூச்சு விடுகிற அளவு நிதானமாக எழுப்பினால் சீனியால் வேப்பமரம் வரைக்கும் அடக்க முடிந்தது. பெண் நாய்க்கு இந்த வயிற்றுப் பட்டை சரி. ஆண் நாய்க்குக் குறி வயிற்றுக்கடியிலேயே இருப்பதால் பட்டை அதன்மேல் உட்கார்ந்து நனையும், நடுவில் வெட்டுவிட்ட மாதிரி பார்த்து வாங்குங்கள், அல்லது தைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கட்டி வைக்கவே கூடாது. நடத்தும்போது மட்டும் கட்டி, வந்ததும் அவிழ்த்து, தொடை இடுக்கில் சிவந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டாம் வாரம் சிவந்தது. பழைய வேட்டித் துணியை மடித்து உள்ளே கொடுத்த பிறகு சரியானது. பாதத்து விரல் இடுக்கில் முளைக்கும் முடியை வெட்டிவிட்டு, டைல்ஸில் வாசல்வரை கோணிச்சாக்கு விரித்துவிடுங்கள். பாதி வழுக்கல் அதிலேயே போகும்.

வெல்க்ரோவைப் பற்றி ஒரு குறை. வெள்ளை முடியெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், நாலு நாளில் பிடிப்பு போய்விடும். பழைய டூத்பிரஷ்ஷால் தினமும் சுரண்ட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற சலைன் ஏற்றினோம். ஜன்னல் கம்பியில் பாட்டிலை மாட்டி, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசி. முதலில் என் கை நடுங்கியது, நாலாவது தடவை நடுங்கவில்லை. பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு ஏற்றினால் அவள் உதறுவதில்லை. ஏற்றிய தண்ணீர் தோளிலிருந்து முன்னங்காலுக்கு இறங்கி முட்டை மாதிரித் தொங்கும், பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஏற்றிய இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு வெளியே போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு பெல்ட்டோடு தயாராக இருப்பேன். பெல்ட் இல்லாமல் இந்த வைத்தியத்தை வீட்டில் செய்திருக்கவே முடியாது.

பெல்ட் அவளுக்கு ஒரு வார்த்தையாகிவிட்டது. பீரோ கைப்பிடியில்தான் மாட்டி வைத்திருந்தேன். அதை எடுத்துக் காட்டினால் போதும், தலையைத் தூக்கி, முன்னங்காலை ஊன்றி, வாலை இரண்டு தட்டு தட்டுவாள். வெளியே போகலாம் என்று அர்த்தம். ஆடி மாசக் காற்றில் சாயங்காலம் வேப்பமரத்தடியில் நிற்போம். வேலையை முடித்துவிட்டாலும் உள்ளே வரமாட்டாள். மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அப்படியே நிற்பாள். அவள் பின்பாரம் முழுக்க என் இரண்டு கையில் இருக்கும். பத்து நிமிஷம், கால் மணி நேரம். தெருவில் போகிறவர்கள் "பாவம், எதுக்கு இதைப் போட்டு இழுத்துக்கிட்டு" என்பார்கள். அவள் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை.

ஜூலையில் டாக்டர் இன்னொரு வேலையும் கொடுத்தார். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த கணக்கு அது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயத்துக்கும் பத்துப் பத்து மார்க். மொத்தம் 70க்கு 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் தினமும் ராத்திரி எழுதினேன். 46, 44, 45. நடமாட்டத்துக்கும் சுத்தத்துக்கும் சந்தோஷத்துக்கும் பெல்ட்டால்தான் மார்க் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் கிரியாட்டினின் 7.2. வாயில் புண். தயிர்சாதத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டாள். 33, 28, 21.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்குப் பெல்ட்டை எடுத்துக் காட்டினேன். பார்த்தாள். தலை தூக்கவில்லை. குதிகாலால் தட்டினேன், வால் அசையவில்லை. பெல்ட்டைப் பக்கத்தில் வைத்தேன், அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் கதவுகிட்டே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டருக்குப் போன் போடவாங்க?" என்று கேட்டேன். அவர் பேசாமல் தலையை ஆட்டினார்.

கருணைக் கொலை என்ற சொல் என் வாயில் வரவில்லை, டாக்டரும் அதைச் சொல்லவில்லை. முதலில் சதையில் ஒரு மயக்க ஊசி. அவள் நன்றாகத் தூங்கிய பிறகுதான் நரம்பில் அடுத்தது. கண் மூடாது, கடைசியில் ஒரு பெருமூச்சு வரலாம், அது வலியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதைச் சொன்னதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். காது கேட்காதவள் என்பதால் என்ன பேசுவது என்ற கேள்வியே இல்லை. உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அண்ணன் தோட்டத்தில் தென்னை ஓரமாக ஆழக் குழி எடுத்துப் புதைத்தோம்.

பெல்ட் இன்னும் பீரோ கைப்பிடியில்தான் தொங்குகிறது. கடைசியாக ஒட்டிய முடியைச் சுரண்டவில்லை. போன வாரம் பின் தெருவிலிருந்து ஒரு அக்கா வந்து, அவர்கள் வீட்டு லேப்ரடார் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, அந்தப் பெல்ட்டைக் கொஞ்ச நாள் தர முடியுமா என்று கேட்டார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. உட்காரவைத்து, ஜவுளிக்கடையில் கொடுத்த கெட்டியான கட்டைப்பை ஒன்றை எடுத்து, பக்கவாட்டுத் தையல் இரண்டையும் கத்தரியால் பிரித்தேன். அடிப்பாகம் வயிற்றுக்கடியில் வரும், இரண்டு காதும் கைப்பிடி. வேட்டித் துணியை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பெல்ட் வரும்வரைக்கும் அது தாங்கும். பாய் கடை எங்கே இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினேன்.