கன்றுக் கழிச்சலுக்கு எலக்ட்ரோலைட் தூள்: 6 வருடம் பயன்படுத்திய பிறகு

கொட்டகையில் வேறு எது தீர்ந்தாலும் சமாளித்துவிடுவேன், இந்தத் தூள் மட்டும் தீரக் கூடாது. ஆனால் முதல் வருடம் இதைக் காசுக்குக் கேடு என்று திட்டியவனும் நான்தான். பிறந்து 8 நாளான கன்று, மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிந்தது. இரண்டு பொட்டலம் கரைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை, மூன்றாம் நாள் கன்று போய்விட்டது.

இது கழிச்சலை நிறுத்துகிற மருந்தே இல்லை என்பது அப்போது தெரியாது. முதல் சில நாட்களில் ஈகோலை பாக்டீரியா, அதற்குப் பிறகு ரோட்டா, கொரோனா வைரஸ்கள், கிரிப்டோ என்கிற குடல் ஒட்டுண்ணி என்று காரணம் எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் கன்றைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறி ரத்தத்தில் அமிலம் ஏறுவதுதான். குடல் தேறும் வரை அந்த இழப்பை ஈடுகட்டுவது மட்டும்தான் இந்தத் தூளின் வேலை.

நான் செய்த பெரிய தப்பு, வயிறு காயட்டும் என்று பாலை நிறுத்தியது. கரைசலில் இருக்கிற குளுக்கோஸ் ஒரு கன்றின் பசிக்கு எந்த மூலைக்கு? இப்போதெல்லாம் பாலை வழக்கம்போலக் கொடுத்து, நடுவில் 2 லிட்டர் கரைசல், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, உடம்புச் சூட்டில். முதலில் வாங்கியது பைகார்பனேட் சேர்ந்தது. அது வயிற்றில் பால் திரிவதைக் கெடுக்கும், அதனால் பாலுக்கும் அதற்கும் சில மணி நேரம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். அப்புறம் அசிடேட் சேர்ந்ததற்கு மாறினேன், அந்தத் தொல்லை இல்லை, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்தால் வேகமாகக் கேட்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறேன். நேர்மாறாக, அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும். அளவு குவளை இல்லாமல் இப்போது தூளைத் தொடுவதே இல்லை.

வாயில் விரல் வைத்தால் சப்ப வேண்டும். சப்பவில்லை, வாய் சில்லென்று இருக்கிறது, கண் குழி விழுந்துவிட்டது, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது என்றால் தூளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், நரம்பில் சலைன் ஏற்ற வேண்டிய கட்டம் அது. படுத்த கன்றின் வாயில் ஊற்றிப் பார்க்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஆன்டிபயாடிக் ஊசியும் முன்பு எல்லாக் கன்றுக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். வைரஸுக்கு அது என்ன செய்யும்? இப்போது காய்ச்சலோ ரத்தமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுவேன், அவர் சொன்னால் மட்டும் ஊசி.

குறை என்று சொன்னால், பிரித்த பொட்டலம் ஈரம் பட்டுக் கட்டி கட்டியாகிவிடுகிறது. முதல் தடவை பாதிக் கன்றுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதற்குப் பொறுமை வேண்டும். உண்மையைச் சொன்னால், பிறந்த சில மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர் சீம்பால் உள்ளே போவதை உறுதிசெய்ய ஆரம்பித்த பிறகு தூள் வாங்குவதே பாதியாகிவிட்டது. கை கழுவ மட்டும் மறக்காதீர்கள், கிரிப்டோ மனிதருக்கும் தொற்றும். போன தடவை கன்றோடு சேர்த்து எனக்கும் 4 நாள் வயிறு போனது.